முதலைக்குப் பொறந்த புழு

— நியாயமா பார்த்தா, அக்கா, ஒரே ஒரு தடவை மருந்தடிச்சா போதும். என் மருந்துக் கடையிலிருந்து நானே கொண்டுவந்து அடிச்சுத் தர்றேன். காசு வேணாம்.

— என் பீன்ஸ் பந்தல்ல உன் மருந்து ஒரு சொட்டு விழுந்தாலும் நீ எனக்குத் தம்பி இல்லடா.

— கொடியைப் பாரு. இலைக்கு அடியில எள்ளைக் கொட்டின மாதிரி அசுவினிப் பூச்சி, சாறை உறிஞ்சுது. மருந்தில்லாம பூச்சியை எப்படி அடக்கறதுன்னு நாளைக்கு உன்கிட்ட பாடம் கேக்க வர்றவங்களுக்கு இதையா காட்டப்போறே?

— இதைத்தான்.

— பார்த்த கையோட என் கடைக்கு வந்துடுவாங்க.

— வரட்டும். நீ கல்லாவுல உக்காந்து சிரி. நான் மாற மாட்டேன். ஒண்ணுதான்டா புரியல. போன வாரம் இந்தக் கொடியெல்லாம் பொறிவண்டுக் குஞ்சு. இலைக்கு இலை பந்தி போட்டு அசுவினியைத் தின்னுக்கிட்டிருந்துது. இப்ப ஒண்ணையும் காணோம்.

— பொறிவண்டுன்னா சிவப்பா, புள்ளி வெச்சு, அழகா இருக்குமே.

— அது வளர்ந்தப்புறம். குஞ்சு கறுப்பா, முள்ளு முள்ளா, முதலைக்குப் பொறந்த மாதிரி இருக்கும். எங்கேடா மெதுவா நழுவறே?

— நியாயமா பார்த்தா, அக்கா, நான் நல்லதுதான் நினைச்சேன்.

— என்னடா பண்ணினே?

— அக்கா செடியை அந்த அசிங்கம் புடிச்ச புழு அழிக்குதேன்னு மனசு கேக்கல. நீ சந்தைக்குப் போன அன்னிக்கு நானும் என் பொண்டாட்டியும் ஒண்ணு விடாம பொறுக்கி டப்பாவுல போட்டோம். இடுப்பு இன்னும் வலிக்குது.

— காவல்காரனைத் தூக்கிட்டுப் போயிட்டு, திருடனுக்கு மருந்து சொல்ல வந்திருக்கே. சரி, நாளைக்கு வந்து இந்தப் பந்தல் முன்னால நில்லு.

— எதுக்கு?

— முதல் பாடமே நீதான். பூச்சியை விட, உதவி பண்ண வர்ற தம்பிகிட்ட ஜாக்கிரதையா இருங்கன்னு ஆரம்பிக்கப்போறேன். கொடி பட்டுப்போனாலும் மருந்து கிடையாது.

— நிக்கறேன். டப்பாவுல போட்டதை மட்டும் திருப்பிக் கேக்காதே.

— எல்லாத்தையும் கொன்னுட்டியா?

— எங்கே. என் பொண்டாட்டி கொல்ல விடல. கடை வாசல் ரோஜாச் செடியில கொட்டிட்டா. என் மருந்துக்கே மசியாத அசுவினி அதுல. கடைக்கு வந்தவங்க பார்க்கப் பார்க்க அத்தனையையும் அந்தப் புழு தின்னு தீர்த்துடுச்சு.

— அப்புறமும் எனக்கு மருந்தடிக்க வந்தியா?

— விக்காத சரக்கை வேற எங்கக்கா கொட்டறது? கடைக்கு வர்றவன் எவனும் மருந்தைத் தொடறதில்லை. அந்தப் புழு என்ன விலைன்னு கேக்கறான்.