தலையைச் சேர்க்காத கணக்கு

— இன்னும் கொஞ்சம் மேல தூக்குங்க... போதும், போதும்! பொம்மையோட கால் சரியா படிக்கட்டுக் கைப்பிடி மட்டத்துக்கு வரணும்.

— டீச்சரம்மா, கை கடுக்குது. தள்ளட்டுமா, வேண்டாமா?

— தள்ளவே கூடாது. சும்மா கையை எடுக்கணும். தள்ளினா ஆரம்பத்துலயே வேகம் வந்துடும், கணக்கு மொத்தமும் தப்பாயிடும்.

— ஒரு பொம்மையை ஒழுங்கா கீழ போடத் தெரியலன்னு கட்டின பொண்டாட்டிகிட்ட திட்டு வாங்குவேன்னு நான் நினைக்கவே இல்ல.

— பேசாதீங்க, போன்ல பதிவாகுது. ம்... விடுங்க!

— போச்சு! அடேயப்பா, என்ன துள்ளு துள்ளுது!

— கால்ல கட்டின அஞ்சு ரப்பர் பேண்டுக்கு, கால் இதுவரைக்கும் வருது. சுவத்துல டேப் ஒட்டியாச்சு. இப்ப இன்னொண்ணு கோர்க்கணும்.

— தொல்லை பிடிச்ச வேலையா இருக்கே. எல்லாத்தையும் ஒரேயடியா கோர்த்துப் போட்டுப் பார்த்தா ஆகாதா?

— நீங்க துணியை அளக்காம வெட்டுவீங்களா?

— ...மாட்டேன்.

— அதேதான். ஒண்ணொண்ணா சேர்த்து, ஒவ்வொரு தடவையும் எவ்வளவு கீழ போகுதுன்னு குறிச்சு, கிராஃப் தாள்ல கோடு போட்டுட்டா... தரையில மோதாம நிக்கறதுக்கு எத்தனை வேணும்னு முன்னாடியே சொல்லிடலாம்.

— நிஜமா ஆளு கால்ல கயிறு கட்டிக் குதிக்கற பங்கி ஜம்ப் இடத்துலயும் இப்படித்தான் பார்ப்பாங்களா?

— பார்க்கணும்... பார்ப்பாங்க.

— அதென்ன, குரல் உள்ள போகுது?

— தொண்டை கட்டியிருக்கு.

— ஆமா, இது எந்த கிளாஸுக்கு? பள்ளிக்கூடம்தான் லீவாச்சே.

— திறந்ததும் பிள்ளைங்களைச் செய்ய வைக்கணும்ல. அதுக்கு முன்னாடி நான் ஒரு தடவை...

— அதுக்கு நம்ம பொண்ணோட பொம்மைதான் கிடைச்சுதா? டூர் முடிஞ்சு வந்ததும் என்னைத்தான் பிடிப்பா. வயித்தைப் பிரிச்சு மணலை வேற அடைச்சிருக்க.

— எடை வேணும்ல?

— அதையும் ஒரு சிட்டிகை கூட்டி, ஒரு சிட்டிகை குறைச்சு... தங்கம் நிறுக்கற மாதிரி நிறுத்தியே, எதுக்கு?

— ஆளோட எடைக்கும் பொம்மையோட எடைக்கும் ஒரு விகிதம் இருக்கு.

— எந்த ஆள்?

— பொதுவா... ஒரு ஆள். ஒல்லியா. இருபத்தி மூணு வயசு இருக்கும்.

— ஓஹோ... மணி என்ன?

— இப்பத்தானே கேட்டீங்க? கடையைப் பூட்டிட்டு வீட்டுல இருக்கற தையல்காரருக்கு மணி எதுக்கு?

— சும்மாதான்.

— இருங்க... இந்தக் கால் வாரைத் தச்சீங்களே, பொம்மைக்கு எதுக்குங்க மூணு தையல்?

— கைப்பழக்கம்.

— என் பைக்கு ஒத்தைத் தையல் போட்டுக் குடுத்து, போன வாரம் வெங்காயமெல்லாம் ரோட்டுல உருண்டுச்சு!

— உன் பை மாடியிலேர்ந்து குதிக்குதா என்ன? அடுத்ததைக் கோர்த்தாச்சா, சொல்லு.

— கோர்த்தாச்சு. விடுங்க... ம். இன்னொண்ணு... விடுங்க... சரி, போதும். கோடு அழகா நேரா வந்திருக்கு. இதுப்படி பன்னெண்டு கோர்த்தா தரைக்கு ஒரு சாண் மேல நின்னுடும்.

— நிக்குமா?

— நிக்கும். திரும்பத் திரும்பச் சரிபார்த்துட்டேன். பன்னெண்டும் கோர்த்தாச்சு.

— அப்ப விடறேன்... என்ன சத்தம் அது?

— ...தலை.

— என்னது?

— தலை தரையில அடிச்சிடுச்சுங்க.

— சரி விடு, ஒண்ணைக் கழட்டிட்டு...

— நான் காலை வச்சே அளந்திருக்கேன். கால்ல கட்டித் தலைகீழா விழறப்போ, தலை ஒரு உடம்பு நீளம் கீழ இருக்கும்ல? அதைச் சேர்க்கவே இல்ல. இத்தனை வருஷமா பாடம் நடத்தறேன்... தலையைப் போய் மறந்திருக்கேன்...

— ஏய், அழறியா? இரு, இறங்கி வரேன்... இங்க பாரு, பொம்மை இது. மணல் மூட்டை.

— எனக்கே மறந்துச்சுன்னா மத்தவங்களுக்கு மறக்காதா?

— மறக்காது. அங்க இருக்கறவங்க தினமும் இதே வேலையா இருக்கறவங்க. ஆளை நிறுத்தி எடை பார்த்து, எடைக்குத் தகுந்த கயிறா எடுத்து, ஒருத்தர் கட்டினதை இன்னொருத்தர் இழுத்துப் பார்த்து... நான்தான் எல்லாம் விசாரிச்சு...

— எங்க இருக்கறவங்க? யாரை விசாரிச்சீங்க?

— பொதுவா சொன்னேன்... டிவியில காட்டினான். கண்ணைத் துடை. ஒண்ணைக் கழட்டு... வேண்டாம், ரெண்டைக் கழட்டு. சேர்ந்தே மேல போவோம்.

— அப்ப கீழ யாரு பார்க்கறது?

— உன் போன் பார்க்கட்டும். அங்கயே வச்சுட்டு வா. என் கையைப் பிடிச்சுக்க.

— நீங்களே விடுங்க. நான் கண்ணை மூடிக்கறேன்.

— சயின்ஸ் டீச்சர் கண்ணை மூடலாமா?

— விடுங்கங்க...

— ...நின்னுடுச்சு! கண்ணைத் திற. தலைக்கும் தரைக்கும் நடுவுல என் கையே நுழையும் போல. பாரு, சொகுசா ஊஞ்சல் ஆடுது.

— ம்... ஆடுது. உங்க கை ஏன் இப்படி வேர்த்திருக்கு?

— படி ஏறினேன்ல.

— ஐயோ, கீழ என் போன் அடிக்குது! வரேன், வரேன்... ஹலோ! சொல்லுடி கண்ணு... குதிச்சு முடிச்சாச்சா? எங்கயும் வலிக்கலையே? தலை? தலை நல்லா இருக்கா?... சிரிக்காத, சொல்லு... அப்பாடா... நான் ஏன் அவர்கிட்ட சொல்லப் போறேன்? சொன்னா தாங்க மாட்டார்... சரி, வச்சிடறேன்.

— யாரு?

— ...தலைமை டீச்சர்.

— மேல எனக்கு ஒரு வார்த்தைதான் கேட்டுச்சு... தலைமை டீச்சரையா ‘கண்ணு’ன்னு கொஞ்சற?

— அது... அவங்க ரொம்ப நல்ல மாதிரி. இப்ப உங்க போன் அடிக்குது, பாருங்க.

— அட, அது யாரோ... துணி தைக்கக் குடுத்தவங்களா இருக்கும்.

— எடுங்களேன், ஏன் முழிக்கறீங்க?

— இங்க சிக்னல் இல்ல, மொட்டை மாடிக்குப் போறேன்... ம், சொல்லும்மா... அப்பாடா, இப்பத்தான் உசிரு வந்துச்சு... அம்மாவா? சேச்சே, அவளுக்கு ஒண்ணும் தெரியாது. காலையிலேர்ந்து உன் பொம்மையை மாடியிலேர்ந்து போட்டுப் போட்டு விளையாடிட்டு இருக்கா... ஆமாடா, நான் மூச்சு விடல. சொன்னா தாங்க மாட்டா.