குறிப்பேட்டில் சிரிப்புக்கு இடமில்லை

தாங்கள் கொடுத்த பேனா தடையின்றி எழுதுகிறது, ஐயா. நான் சொல்லச் சொல்ல எழுதிக்கொள்வதாகக் காவலர் ஒருவர் முன்வந்தார். வேண்டாமென்று மறுத்தேன். நாற்பத்து மூன்றாம் வயதில் மாலைப் பள்ளியில் எழுத்துக் கற்றவன் நான். என் வாக்குமூலத்தைப் பிறர் எழுத விடமாட்டேன்.

தையல் தொழிற்சாலையின் பின்வாசலுக்கு நான் காவலாளி. என் கையெழுத்தையும் நடையையும் மெச்சிய மேலாளர், பாதுகாப்புக் குழுவின் கூட்டக் குறிப்பேட்டையும் அறிவிப்புப் பலகையையும் என்னிடமே ஒப்படைத்தார். நான் எழுதிய முதல் அறிவிப்பைத் தையல்காரப் பெண்ணொருத்தி, செய்தி வாசிப்பவரின் குரலில் உரக்கப் படித்தாள். எதற்கும் வாதாடுவாள் என்பதால் அவளுக்கு வக்கீலம்மா என்று பெயர்.

"'தேநீர் அருந்தியபின் குவளைகளைத் தூய்மை செய்தல் அனைவரது கடமையாகும்.' ஏண்ணே, டம்ளரைக் கழுவி வைங்கன்னா நாங்க கழுவ மாட்டோமா?"

பத்தொன்பது பேர் சிரித்தார்கள். இதற்கும் பின்னர் நிகழ்ந்ததற்கும் தொடர்பில்லை. முழுமை கருதியே குறிப்பிடுகிறேன்.

அதற்கடுத்து நடந்த பாதுகாப்புக் குழுக் கூட்டத்தில் மேலாளர், துணி களவு போவதால் வேலை நேரத்தில் பின்கதவைப் பூட்டி வைக்கலாமா என்று வினவினார். தையல் பிரிவின் சார்பில் வக்கீலம்மா எழுந்தாள்.

"தாராளமா பூட்டுங்க சார். தீப்பிடிச்சா நாங்க சாவித்துவாரம் வழியா போயிக்கிறோம்."

மேலாளர் உட்பட அனைவரும் சிரித்தனர். நானும் சிரித்தேன். பின்னர் இவ்வாறு எழுதினேன்: 'பின்கதவைப் பூட்டி வைக்கத் தையல் பிரிவு இசைவளித்தது.' இரண்டாம் வாக்கியத்தை நான் மறைத்ததாகத் தாங்கள் குற்றம் சாட்டுகிறீர்கள். சாவித்துவாரத்தின் வழியே மனிதர் செல்ல இயலாது, ஐயா. இயலாத ஒன்றை வாதமாகப் பதிவு செய்தல் முறையன்று. முதல் வாக்கியமோ ஐயத்துக்கு இடமின்றித் தெளிவாக இருந்தது.

குறிப்பு பலகையில் ஒட்டப்பட்டதும் அவள் என்னிடம் வந்தாள்.

"அண்ணே, நான் கிண்டலுக்குச் சொன்னேன்னு உங்களுக்குத் தெரியாதா? நீங்களும்தானே சிரிச்சீங்க?"

"சிரிப்பைக் குறிப்பேட்டில் எழுதும் வழக்கமில்லை" என்றேன்.

"சொன்னதை அப்படியே புடிச்சுக்கிட்டா எப்படி? யாரு சொன்னாங்க, எங்க சொன்னாங்க, எதுக்குச் சொன்னாங்கன்னு கொஞ்சம் யோசிங்கண்ணே."

மேலாளரிடமும் முறையிட்டாள். "நீ சம்மதிச்சதா எழுத்துல இருக்கேம்மா, இப்ப வந்து மாத்திப் பேசினா எப்படி?" என்றார் அவர். அன்று மாலை பூட்டும் சாவியும் என் பொறுப்புக்கு வந்தன. என் எழுத்துக்கு அன்றுதான் முதன்முதலாக மதிப்புக் கிடைத்தது. அதை நான் மறுக்கப்போவதில்லை.

மூன்று வாரங்களுக்குப் பின், மதிய இடைவேளை முடிந்த சிறிது நேரத்தில், முன்வாசலருகே அடுக்கியிருந்த துணிப் பொதிகளில் தீப்பற்றியது. பின்கதவின் அடியிலிருந்து புகை வெளிவந்தது. உள்ளிருந்து தட்டினார்கள். அவள் குரலை நான் அறிவேன்.

"அண்ணே, கதவைத் திறங்க. அண்ணே, அங்கதான இருக்கீங்க?"

அங்கேதான் இருந்தேன். அதைப் பிற காவலாளிகள் சொல்லித் தாங்கள் அறிய வேண்டியதில்லை.

இறந்தோர் பட்டியலைக் காட்டினீர்கள். பதினேழு பெயர்கள். அவர்களுள் மூவர், என் அறிவிப்பு படிக்கப்பட்ட நாளில் விடுப்பில் இருந்தவர்கள். அம்மூவருக்காக வருந்துகிறேன்.

ஏன் திறக்கவில்லை என்று மூன்றாம் முறையாகக் கேட்கிறீர்கள். சொன்னதை அப்படியே எடுத்துக்கொள்ளக்கூடாது என்று எனக்குக் கற்பித்தவள் அவளே. ஆகவே, திறக்கச் சொன்னதையும் நான் அப்படியே எடுத்துக்கொள்ளவில்லை. யார் சொன்னார், எங்கே சொன்னார், எதற்குச் சொன்னார் என்று, சாவியைக் கையில் வைத்துக்கொண்டு, தட்டும் ஓசை ஓயும்வரை சிந்தித்தேன்.

அந்த நேரம் முழுவதும் உள்ளே ஒருவரும் சிரிக்கவில்லை.