தொடர்புக்கு உரியவர்

படிவம் நிரப்புவது எனக்குப் பிடித்த வேலை. பலருக்கு அது எரிச்சல். நான் பேனாவைத் திறப்பதற்கு முன் முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை ஒருமுறை படித்துவிடுவேன். கட்டத்துக்கு வெளியே எழுத்து போகாது. அடித்தல் திருத்தல் இருக்காது. பொய்யும் இருக்காது. நீங்கள் என்னைக் கண்டுபிடித்ததுகூட நான் ஒரு படிவத்தில் உண்மையை எழுதியதால்தான், ஐயா. அதை மட்டும் எங்காவது குறித்துக்கொள்ளுங்கள்.

ராயபுரத்தில் பிரௌசிங் சென்டரைத் தொண்ணூற்றொன்பதில் திறந்தேன். ஐந்து கம்ப்யூட்டர், ஒரு பிரின்டர், நடுநடுவே பிளைவுட் தடுப்பு. கப்பலில் வேலை பார்ப்பவர்களின் மனைவிகள் அதிகம் வருவார்கள். தமிழ் எழுத்தில் மெயில் அனுப்புவது அப்போது எல்லோருக்கும் கைவரவில்லை. ஆண்கள் எங்கோ ஒரு துறைமுகத்தில் உட்கார்ந்து, தமிழையே இங்கிலீஷ் எழுத்தில் அடித்து அனுப்புவார்கள். இந்தப் பெண்களுக்குத் தமிழ் படிக்கத் தெரியும், இங்கிலீஷ் எழுத்து தெரியாது. நான் திரையைப் பார்த்துக் கோடு போட்ட தாளில் தமிழில் எழுதிக் கொடுப்பேன்.

ஃப்ளோரன்ஸ் அக்கா அப்படி வந்தவர்தான். காசிமேட்டில் வீடு, ஐந்து வயதில் ஒரு பெண் குழந்தை. கணவர் யேசுதாஸ் ஒரு பழைய சரக்குக் கப்பலின் எஞ்சின் அறையில் எண்ணெய் போடும் ஆயிலர். அக்காவும் இன்னும் இருபது பெண்களும் சேர்ந்து கப்பல்காரர் குடும்பங்களுக்கென்று ஒரு சங்கம் வைத்திருந்தார்கள். கப்பலில் ஆள் மாட்டிக்கொண்டால் எழுதிக் கேட்பதற்கு. ஆனால் வெளிநாட்டுத் துறைமுக அலுவலகங்கள் இலவச முகவரியிலிருந்து போகும் மெயிலைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. அதில் யார் வேண்டுமானாலும் எழுதலாம் அல்லவா? அதனால் சங்கத்துக்கே சொந்தமாக, 'டாட் இன்' என்று முடிகிற, நாட்டின் பெயர் தாங்கிய ஒரு முகவரி வேண்டும் என்று வந்தார்.

அன்றைக்கு அது சோப்பு வாங்குவது போல இல்லை. தனியாளுக்குக் கிடையாது. பதிவு பெற்ற அமைப்பாக இருக்க வேண்டும். சான்றிதழ் நகல், லெட்டர்ஹெட்டில் கடிதம், தலைவர் கையெழுத்து, சீல். கேட்கிற பெயர் அமைப்பின் பெயரோடு பொருந்த வேண்டும். ஓர் அமைப்புக்கு ஒரு பெயர்தான். கடைசியில் 'தொடர்புக்கு உரியவர்' என்று ஒரு கட்டம். மாற்றம் ஏதும் வேண்டுமானால் அவர்தான் கேட்க வேண்டும். பதிவு அலுவலகம் விசாரித்தால் முப்பது நாளுக்குள் அவர்தான் பதில் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் பெயர் நீக்கப்படும்.

"யார் பேர்க்கா போடட்டும்?"

"உன் பேர போடு தாமு. இந்தப் பொட்டியாண்ட குந்திகினு தட்டறதுக்கு எங்கள்ல யாருக்குத் தெரியும்?"

தாமோதரன் என்று எழுதினேன். ஆறு வாரத்தில் பெயர் வந்தது. அக்கா அரைக் கிலோ ஜாங்கிரி வாங்கிவந்து எல்லாருக்கும் கொடுத்தார். யேசுதாஸ் கப்பலில் தன்னோடு இருந்த பத்துப் பேரிடமும் பெருமையடித்திருக்கிறார்: எங்க சங்கத்துக்கு கவர்மென்ட்டு குடுத்த பேரு கீது, எதுனா ஒண்ணுன்னா நம்பள வுட்டுடாது.

அவருடைய கடிதங்கள் எப்போதும் நான்கு வரி. நான் நல்லா கீறேன். நீ எப்டி கீறே. பாப்பா இஸ்கூலுக்கு போவுதா. இங்க சூடு தாங்கல.

ஒருநாள் நான் ஐந்தாவதாக ஒரு வரி சேர்த்தேன். 'இரவு எஞ்சின் சத்தத்தில் உன் குரல் கேட்பது போலவே இருக்கிறது.' அவ்வளவுதான். நின்றபடி படித்த அக்கா நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து மறுபடியும் படித்தார். ஒரு வரி ஒரு மனிதரை உட்கார வைத்ததை நான் அதுவரை பார்த்ததில்லை. அடுத்த மாதம் பத்து வரி. அதற்கடுத்து இரண்டு பக்கம். பழைய புத்தகக் கடைகளில் மொழிபெயர்ப்பு நாவல்கள் வாங்கிப் படிப்பது என் வழக்கம். அதிலே தூரதேசத்துக் கணவர்கள் எப்படி எழுதுவார்கள் என்பது எனக்கு மனப்பாடம். ஒருமுறை பழக்கதோஷத்தில் பனி பெய்வதாக எழுதிவிட்டேன்.

"அந்த ஊரு பாலைவனம்ன்றாங்களே, அங்க பனி பேயுமா தாமு?"

"இந்த வருசம் பேஞ்சுதாம்க்கா."

நம்பினார். சிரித்துக்கொண்டே தாளை மடித்தார். "நேர்ல கீறச்ச வாயத் தொறக்காது. கடல் தாண்டினதும் இன்னாமா எய்துது பாரு. வரட்டும். இத்த அல்லாத்தையும் முன்னால வெச்சி, ஒண்ணொண்ணா அதும் வாயால படிக்கச் சொல்றேன்."

அவர்மேல் எனக்கு வேறு எண்ணம் இருந்ததா என்று நேற்று கேட்டீர்கள். இல்லை. நான் அவரை அக்கா என்றுதான் கூப்பிட்டேன், அக்காவாகத்தான் நினைத்தேன். என் கவலையெல்லாம் அந்த ஒரு வாக்கியம்தான். வரட்டும், படிக்கச் சொல்றேன். அதன் பிறகு யேசுதாஸ் ஊருக்கு வருவது என்பது எனக்கு வேறு மாதிரி தெரிய ஆரம்பித்தது.

இரண்டாயிரத்து ஒன்று ஜூனில் அந்தக் கப்பலை வளைகுடாவில் ஒரு துறைமுகத்துக்கு வெளியே நிறுத்திவிட்டு முதலாளி தலைமறைவானான். பதினோரு பேர் உள்ளே. வாரத்துக்கு ஒருமுறை ஒருவருக்குக் கரையேற அனுமதி. யேசுதாஸ் தன் முறை வந்தபோது சங்கத்தின் முகவரிக்கு எழுதினார். தண்ணி கம்மியா கீது, டீசல் இல்ல, துறைமுக ஆபீஸ்ல சொல்லிட்டோம், சங்கத்துலேர்ந்து ஒரு லெட்டர் வந்தா எறக்கி வுடறேன்றாங்க, சீக்கிரம்.

அக்காவைக் கலவரப்படுத்த வேண்டாம் என்று நினைத்தேன். அந்த வாரம் அவருக்குக் கொடுத்த கடிதத்தில் யேசுதாஸ் கடற்பறவைகளைப் பற்றி எழுதியிருந்தார். யேசுதாசுக்குச் சங்கத்தின் சார்பில் பதில் போட்டேன்: நடவடிக்கை எடுத்துவருகிறோம், பொறுமை காக்கவும். மரியாதையான கடிதம்.

ஜூலை நடுவில் துறைமுக அலுவலகமே எழுதியது. இப்படிப் பதினோரு பேர் உங்கள் சங்கத்தைச் சொல்கிறார்கள், நீங்கள் உறுதிசெய்தால் தண்ணீர் அனுப்பிக் கரைக்குக் கொண்டுவருகிறோம். பதில் எழுதப் பத்து நிமிடம் ஆகியிருக்கும். எழுதினால் பதினைந்து நாளில் அவர் காசிமேட்டில் இருப்பார். அக்கா பிஸ்கட் டப்பாவில் சேர்த்துவைத்திருக்கும் என் கடிதங்களை எடுத்து அவர் முன்னால் வைப்பார். அவர் இது நான் எழுதலியே என்பார். அக்காவுக்கு அது எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

அதே சமயம் சங்கத்துக்குப் புதிதாக ஒரு செயலாளர் வந்தாள். பெர்சிஸ். தூத்துக்குடிப் பக்கத்துக் குடும்பம், அப்பாவுக்கு மொத்த மளிகைக் கடை, பி.காம். படித்த பெண். தொடர்புக்கு உரியவராகச் செயலாளர்தானே இருக்க வேண்டும், பாஸ்வேர்டைக் கொடுங்கள் என்றாள். அவள் கேட்டதில் தவறில்லை. ஆனால் விதிப்படி லெட்டர்ஹெட்டில் கடிதம் வேண்டும் என்றேன். கொண்டுவந்தாள். தலைவர் கையெழுத்து மட்டும் போதாது, பொருளாளரும் போட வேண்டும் என்றேன். வாங்கிவந்தாள். சீல் சாய்ந்திருக்கிறது, திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்றேன்.

"சீல் சாஞ்சா என்னண்ணே? கப்பலா கவுந்துரப் போவுது?" என்றாள்.

சரியாக வைத்துக்கொண்டு வரச் சொன்னேன்.

அவளிடம் ஒன்றை நான் சொல்லவில்லை. சங்கம் இன்னும் நடக்கிறதா என்று விசாரித்துப் பதிவு அலுவலகம் ஒரு மெயில் அனுப்பியிருந்தது. வந்து இருபத்திரண்டு நாள் ஆகியிருந்தது. 'ஆம்' என்று ஒரு சொல் போதும். மீதி எட்டு நாள் நான் எதுவும் செய்யவில்லை. தினமும் காலையில் அதைத் திறந்து படிப்பேன், மூடிவிடுவேன். ஒன்பதாம் நாள் பெயர் இல்லை. துறைமுக அலுவலகம் அனுப்பிய நினைவூட்டல், அப்படி ஒரு முகவரியே கிடையாது என்று அவர்களிடமே திரும்பிப் போயிருக்கிறது. போலிச் சங்கம் என்று கோப்பை மூடிவிட்டார்கள். கரையேறும் அனுமதியையும் நிறுத்திவிட்டார்கள். இதெல்லாம் நீங்கள் காட்டிய காகிதங்களிலிருந்துதான் எனக்குத் தெரியும். நான் நீக்கவில்லை, ஐயா. விதி நீக்கியது.

ஆகஸ்ட் ஒன்பதாம் தேதி தண்ணீர் கொண்டுவர நான்கு பேர் படகை இறக்கியிருக்கிறார்கள். மறுநாள் படகு கவிழ்ந்து கிடந்தது. மூன்று உடல் கிடைத்தது. யேசுதாசின் உடல் கிடைக்கவில்லை. மீதி ஏழு பேரை வேறொரு கப்பல் ஏற்றிக்கொண்டு போனது.

எனக்கு அப்போது இது தெரியாது. பதினாலாம் தேதியிட்டு அக்காவுக்கு அந்த மாதக் கடிதத்தைக் கொடுத்திருந்தேன். பதினேழாம் தேதி அரசாங்கக் கப்பல் அலுவலகத்திலிருந்து ஆள் வந்து சொல்லி, ஒரு காகிதமும் கொடுத்துவிட்டுப் போனார். அக்கா அந்தக் காகிதத்தோடு நேராக என்னிடம் வந்தார். அழுதிருக்கவில்லை.

"ஒம்போதாந் தேதியே பூட்டார்ன்றான். பதினாலாந் தேதி லெட்டர் எய்திகிறாரே தாமு. செத்தவன் லெட்டர் போடுவானா? இன்னா கத வுடறானுங்க? தேதி கரீட்டா பாத்துத்தான எய்தினே?"

சென்டரில் நாலைந்து பேர் இருந்தார்கள். பிரின்டர் ஓடிக்கொண்டிருந்தது. அவர் கை என் மேஜைமேல் இருந்தது.

"கரெக்ட்டான தேதிதான்க்கா" என்றேன்.

நான் சொன்னதிலேயே பெரிய பொய் அது என்று நீங்கள் நினைக்கலாம். அந்த முகத்தில் வந்த நிம்மதியை நீங்கள் பார்க்கவில்லை.

அடுத்த கடிதத்தில் யேசுதாஸ் விளக்கினார். அலையில் ஒதுங்கி வேறொரு கப்பலில் ஏறிவிட்டதாகவும், பாஸ்போர்ட் இல்லாததால் வெளியே தெரிந்தால் சிறை என்றும், யாரிடமும் சொல்ல வேண்டாம் என்றும், சங்கத்தில்கூட. அக்கா யாரிடமும் சொல்லவில்லை. கறுப்புச் சேலை கட்டவில்லை. கணவர் இறந்ததாக ஒப்புக்கொள்ளும் எந்தக் காகிதத்திலும் கையெழுத்துப் போடவில்லை. மாதம் ஒரு கடிதம், முதல் வாரத்துக்குள். மூன்றரை வருடம். ஒரு மாதம்கூடத் தவறியதில்லை.

இந்த வருடம் ஜனவரியில் விதிகள் மாறின. சங்கம், சான்றிதழ், சீல் எதுவும் வேண்டாம், யார் வேண்டுமானாலும் எந்தப் பெயரையும் பதியலாம், முதலில் கேட்பவருக்கு முதலில். அந்தப் பெயரை என் பெயரில் எடுத்தேன். எதற்கு என்று திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள். யேசுதாசுக்குத் தெரிந்த ஒரே முகவரி அதுதான். அவர் எழுதினால் மறுபடியும் திரும்பிப் போகக் கூடாது அல்லவா?

பெர்சிஸ் சங்கத்துக்காகப் பழைய பெயரைத் திரும்ப வாங்கப் போயிருக்கிறாள். ஏற்கெனவே எடுக்கப்பட்டது என்று வந்திருக்கிறது. உரிமையாளர் யாரென்று எவர் வேண்டுமானாலும் பார்க்கலாம் என்பதும் ஒரு விதி. தாமோதரன், ராயபுரம், கதவு எண், தொலைபேசி எண். எல்லாம் சரியான விவரம். அதைப் பிடித்துக்கொண்டு நீங்கள் என் கம்ப்யூட்டரைத் திறந்தீர்கள், பழைய மெயில் எல்லாம் இருந்தது. நான் எதையும் அழிக்கவில்லை.

எட்டு நாள் பதில் எழுதாமல் இருந்தேன். எழுதியிருந்தால் நான்கு பேரும் படகில் ஏறியிருக்க மாட்டார்கள். அக்கா அந்தக் காகிதத்தோடு வந்த அன்றே அது எனக்குத் தெரியும். கீழே கையெழுத்துப் போடுகிறேன்.

ஒரு சின்ன உதவி. ஃப்ளோரன்ஸ் அக்காவிடம் நீங்கள் இன்னும் பேசவில்லை என்று இங்கே வந்திருந்த பெர்சிஸ் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டேன். இன்று தேதி ஆறு. இந்த மாதக் கடிதம் என் மேஜையில் பாதியில் நிற்கிறது. கோடு போட்ட தாள் ஒன்று கொடுத்தால் இங்கேயே உட்கார்ந்து முடித்துவிடுவேன், யாராவது கொண்டுபோய்க் கொடுத்தால் போதும். நாளைக்குள் வரவில்லையென்றால், யேசுதாசுக்கு என்னவோ ஆகிவிட்டது என்று பயந்துவிடுவார்.