கீழ் இடது மூலை

— நாலாவது மானிட்டர் அக்கா இது. இதுலயும் நொட்டை சொன்னீங்கன்னா, கடையைச் சாத்திட்டு உங்ககிட்டயே வேலைக்கு வந்துடறேன்.

— நொட்டை சொல்லல தம்பி. வெறும் சாம்பல் கலர் மட்டும் போட்டுக் காட்டுங்க.

— கேம் ஆட மானிட்டர் வாங்க வர்றவங்க, துப்பாக்கிச் சண்டையைப் போடு, கார் பந்தயத்தைப் போடும்பாங்க. சாம்பலைப் போடச் சொல்ற மொத ஆளு நீங்கதான். இந்தாங்க, போட்டாச்சு. ஐயோ, என்னக்கா, மூஞ்சியைக் கொண்டுபோய் மூலையில ஒட்டிட்டீங்க!

— தையல் கடை வெச்சிருக்கேன். துணியை வெளிச்சத்துல பிடிச்சுக் கறை பார்த்துப் பழகின கண்ணு.

— அதான பார்த்தேன். கறை இருக்கா?

— இல்ல. இது வேணாம்.

— கறை இல்லாததால வேணாமா? பொய் சொல்லி நான் என்ன மாடி வீடா கட்டப் போறேன், இருபது வருஷத்துல இப்படி ஒரு கிராக்கியைப் பார்த்ததில்லக்கா.

— தடம் பதிஞ்சது ஏதாவது வெச்சிருக்கீங்களா? ஒரே கேமை வருஷக்கணக்கா ஆடினா, ஆடறவங்க பேரு திரையிலயே லேசாத் தங்கிடும்ல, அந்த மாதிரி.

— ஓ, விவரமாத்தான் வந்திருக்கீங்க! தடத்தைக் காட்டி விலையை அடிக்கலாம்னு பாக்கறீங்க.

— புதுசு என்ன விலையோ அதையே குடுத்துடறேன்.

— அக்கா, ஏத்திப் பேரம் பேசறவங்களைப் பார்த்தா எனக்குச் சந்தேகம் வந்துடும். உண்மையைச் சொல்லுங்க, என்ன விஷயம்?

— இருக்கா இல்லையா, அதை மொதல்ல சொல்லுங்க.

— நம்ம கடையில தடத்தோட எதையும் விக்க மாட்டோம். பழைய சாமான்தான், ஆனா முகம் கழுவித்தான் அலமாரிக்கு வரும். உள்ள மெக்கானிக் இருக்கான். மானிட்டருக்குள்ளயே அதுக்குன்னு ஒரு வசதி இருக்கு, அதைத் தட்டிவிட்டா திரை தன்னைத்தானே துடைச்சுக்கும்.

— துடைச்சா போயிடுமா?

— லேசா இருந்தா போயிடும். ஆழமாப் பதிஞ்சிருந்தா அந்த மெக்கானிக் தலைகீழா நின்னாலும் போகாது.

— இது ஆழம்தான். நிச்சயமா ஆழம்தான்.

— எது ஆழம்?

— போன வாரம் ஒருத்தர் மானிட்டர் கொண்டு வந்தாரா? பழைய போர்வையில சுத்தி?

— வளைஞ்ச திரை? கட்டம் போட்ட போர்வை? வந்தாரே! நான் சொன்ன விலைக்குச் சரின்னுட்டாரு. பேரம் பேசாத மனுஷனைப் பார்த்தாலும் எனக்குச் சந்தேகம்தான். திருட்டுச் சாமானோன்னு ஒரு கணம் யோசிச்சேன்.

— திருடல. என் வீட்டுக்காரர்தான். நான் கடைக்குப் போன நேரமாப் பார்த்துத் தூக்கிட்டு வந்துட்டாரு. எங்க குடுத்தாருன்னு கேட்டா வாயைத் திறக்க மாட்டேங்கறாரு. இந்தத் தெருவுல ஒவ்வொரு கடையா ஏறி வர்றேன்.

— அடடா, நுழைஞ்சதுமே சொல்லியிருக்கலாமேக்கா!

— மொதக் கடையில சொன்னேன். எனக்கு வேணும்னு தெரிஞ்சதும், இதுதான் அதுன்னு ஏதோ ஒரு ஓட்டையைத் தலையில கட்டப் பார்த்தான். அதான் என் கண்ணால பார்த்தே எடுத்துக்கலாம்னு.

— அவன் புத்தி அப்படித்தான், எனக்கே தெரியும். இருங்க... அந்த வளைஞ்சதுல ஒரு பேரு இருந்ததே. கீழ, இடது மூலையில. தமிழ் எழுத்துல. நானும் மெக்கானிக்கும் விழுந்து விழுந்து சிரிச்சோம். என்னமோ...

— தூங்குமூஞ்சி.

— ஆமா! தூங்குமூஞ்சி! உங்களுக்கு எப்படித் தெரியும்?

— நான் வெச்ச பேரு தம்பி. பொண்ணு ராத்திரி பூரா ஆடிட்டு உச்சி வெயில் வரைக்கும் தூங்குவா. தூங்குமூஞ்சி, தூங்குமூஞ்சின்னு திட்டுவேன். அதையே கேம்ல பேரா வெச்சுக்கிட்டா. ‘அம்மா, உன் திட்டைப் பார்த்தாலே எதிராளி எல்லாம் ஓடறான்’னு சொல்லிச் சிரிப்பா.

— வாயாடிப் பொண்ணுதான் போல. அவளையும் கூட்டிட்டு வந்திருக்கலாமே, எது அவளோடதுன்னு ஒரே பார்வையில சொல்லியிருப்பா.

— அன்னைக்கும் அந்தப் பேரைச் சொல்லித்தான் எழுப்பினேன். எழுந்திரிக்கல.

— அக்கா...

— டாக்டர் என்னமோ இருதயம்னு சொன்னாரு. காரியமெல்லாம் முடிஞ்சு அவ ரூமை ஒதுக்கறப்போ மானிட்டரைப் போட்டுப் பார்த்தோம். திரை சாம்பலா வந்துச்சு. மூலையில அந்தப் பேரு நிக்குது. அதைப் பார்த்ததுல இருந்து அவருக்குச் சோறு இறங்கல. எனக்கு அதைப் பார்த்தாத்தான் இறங்கிச்சு. ஒரே வீட்டுல ரெண்டு பேருக்கும் எப்படித் தம்பி ஒத்து வரும்? கடையில என் தையல் மெஷினுக்குப் பக்கத்துல வெச்சுக்கறேன். அவரு கண்ணுல படாது.

— உட்காருங்கக்கா. இந்த ஸ்டூல்ல உட்காருங்க. விலை கிலை பேசாதீங்க, எடுத்துட்டுப் போங்க. ஏய் மெக்கானிக்! அந்த வளைஞ்ச மானிட்டர் எங்கடா?

— இங்கதாண்ணே இருக்கு, என் மேஜை மேல!

— தொடாத! அப்படியே வை! துடைக்கிறதை ஓட விட்டிருந்தா பிளக்கைப் புடுங்கு!

— புடுங்க என்னண்ணே இருக்கு? ரெண்டு தடவை ஓட விட்டும் அந்தத் தூங்குமூஞ்சி எழுந்து போக மாட்டேன்னு அடம் பிடிச்சுது. நான் விடுவேனா? இன்னைக்கு மறுபடியும் போட்டேன். வாங்கக்கா, வந்து மூலையை நல்லாப் பாருங்க, ஒரு எழுத்து கூட மிச்சமில்ல.