பினாங்குக்கு ஒரு தந்தி

ஜப்பான் போரில் இறங்கிய வாரம். சங்கரன்கோவில் தபாலாபீஸ் வரிசையில் எனக்கு முன்னால் நின்ற விவசாயி, பக்கத்தில் நின்ற ஜவுளி வியாபாரியிடம் சொன்னார்:

“சண்டைக்குப் பயந்துதான் அண்ணாச்சி, மகன பினாங்குக்கு அனுப்புனேன்.”

“அதென்னவே கூத்து?”

“பட்டாளத்துல சேருவேன்னு நின்னான். ஜெர்மன்காரன் மேக்க இருக்கான், நீ கிழக்க போலேன்னு மச்சான் கடைக்கு அனுப்பிவச்சேன்.”

“ஜப்பான்காரனுக்கு இதுல என்ன சோலி?”

“எங்கூரு வாய்க்கா தகராறுல மொதல்ல ரெண்டு பேருதான் அடிச்சுக்கிட்டானுவ. பொறவு பழைய கோவம் உள்ளவன்லாம் கம்போட வந்துட்டான். நாலு ஊரு சண்டையாப் போச்சு. பாத்தவன்தான் நானும். புத்தியில உறைக்கலியே.”

அவர் முறை வந்தது. குமாஸ்தா தந்தித் தாளைத் திருப்பிக் கொடுத்தார்.

“பினாங்குக்கு இப்ப தந்தி வாங்கறதில்ல.”

“எதுவரைக்கும் போவும் சார்?”

“சிங்கப்பூர் வரைக்கும் வாங்குதோம். அங்க யாரும் இருக்காங்களா?”

“ஒருத்தரும் இல்ல. மகன் பேரையே போடுங்க. தப்பிச்சு வந்தா அங்கனதானே வருவான்?”

குமாஸ்தா தாளைத் திரும்ப வாங்கிக்கொண்டு பேனாவை எடுத்தார்.

“விலாசம்?”

“கப்பல் ஏறுற எடம்னு எழுதுங்க சார்.”