சத்தம் போடாத பேரிங்

யோயோ பேரிங்கைக் கழுவ லைட்டருக்கு ஊற்றும் பெட்ரோல்தான் நல்லது. வேறு எதையாவது யாராவது சொன்னால் நம்பாதீர்கள். மூடித் தகட்டை ஊசியால் நெம்பி எடுத்துவிட்டு, பேரிங்கைச் சின்னக் குப்பியில் போட்டு நன்றாகக் குலுக்கணும். துணியால் துடைக்கக் கூடாது, பிசிறு உள்ளே போய்விடும். காய்ந்ததும் பென்சில் முனையில் மாட்டிச் சுண்டினால் வண்டு மாதிரி ரீங்காரம் போடும். அதுதான் சுத்தம். அப்புறம் ஊசி நுனியால் மெல்லிய எண்ணெய் ஒரு சொட்டு. அதற்கு மேல் கூடாது.

இசோகாய் அம்மா, நீங்கள் போட்டிக் குழுவின் செயலாளர், நடந்ததை எழுதிக் கொடுங்கள் என்றீர்கள். நான் ஒன்பதாம் வகுப்போடு பேரிங் ஆலைக்குப் போனவன். சுற்றி வளைத்து எழுத வராது.

பதினொரு வருஷமாக நம் ஹமாமட்சு ஊர் யோயோ போட்டியில் பேரிங் கழுவும் மூலை மேசை என்னுடையது. பாட்டுக்கு யோயோ ஆடுகிறவர்கள் அதைத் திருகித் திறந்து, பேரிங்கை என் தட்டில் போட்டுவிட்டுப் போவார்கள். ஊர் பேர் தெரியாத கிழவனிடம் இப்படிக் கொடுக்கிறார்களே என்று எனக்கு எப்போதும் ஆச்சரியம். நான் என் பல்செட்டைக்கூட டாக்டரிடம் விட்டுவிட்டு வரமாட்டேன்.

செகாவா ரென்ஜியின் மேல் எனக்குப் பகை கிடையாது. இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். இரண்டு வருஷம் தொடர்ந்து கோப்பை வாங்கியவன். மூன்றாவது முறையும் வென்றால் கோப்பை அவனுக்கே சொந்தம் என்பது உங்கள் விதி. அன்று காலை மேசைக்கு வந்தான். சுற்றிலும் பத்துப் பேர்.

"என்ன தாத்தா, நீங்க கழுவித் தர்றதெல்லாம் கொசு மாதிரி கத்துது? வீடியோல பாட்டே கேக்கல, இதுதான் கேக்குது."

"காஞ்சிருந்தா கத்தும். கத்தினாத்தான் நல்லா சுத்தும், தம்பி."

"உங்களுக்குக் காது போயிடுச்சு, கவலையில்ல. எங்களுக்குக் கேக்குதே."

சிரித்தார்கள். ஒகிட்சு சவா என்ற பெண் மட்டும் சிரிக்கவில்லை. அவள் ஒருமுறைகூட என்னிடம் பேரிங் தந்ததில்லை, தானே கழுவிக்கொள்வாள். எனக்கு அவளை ரொம்பப் பிடிக்கும்.

"சத்தமே வரக்கூடாது தாத்தா, மூணையும் அப்படிப் பண்ணிக் குடுங்க" என்று மூன்று பேரிங்கைப் போட்டான். ஒன்று ஆட, இரண்டு மேடையில் மாற்றுக்கு.

கேட்டதைக் கொடுப்பது என் வழக்கம். சத்தம் அடங்க ஒரே வழி கெட்டி எண்ணெய். ஆலையில் பெரிய உருளைகளுக்குப் போடுவது, தேன் மாதிரி இருக்கும். அதைப் போட்டால் பேரிங் ஊமையாகிவிடும். இன்னொன்றும் நடக்கும். இந்தக் காலத்து யோயோ கயிற்றின் அடியிலேயே சுற்றிக்கொண்டிருக்கும், கயிற்றை மடித்துக் கொடுத்தால்தான் மேலே ஏறும். கெட்டி எண்ணெய் போட்டால் லேசாக இழுத்தாலே மேலே பாய்ந்து வந்துவிடும். அவன் அதைப் பற்றிக் கேட்கவில்லை. கேட்காததைச் சொல்லும் பழக்கம் எனக்கில்லை.

முந்தின ஆளின் பாட்டு முடியப்போகும்போதுதான் மூன்றையும் கொடுத்தேன். சோற்றுருண்டை சாப்பிட்டுக்கொண்டிருந்தேன், அதனால் தாமதம். ஒன்றைக் காதோரம் வைத்துச் சுண்டினான்.

"பாத்தீங்களா தாத்தா, மனசு வெச்சா முடியுது."

தோளில் தட்டிவிட்டு யோயோக்களில் மாட்டித் திருகினான். அதற்குள் அவன் பேரைக் கூப்பிட்டுவிட்டார்கள். ஒருமுறை வீசிப் பார்க்க நேரமில்லை.

பதினொரு வருஷத்தில் முதல் தடவையாக மேசையை விட்டு எழுந்து முன்வரிசையில் போய் உட்கார்ந்தேன். முதல் யோயோ இரண்டாவது வித்தையிலேயே கைக்கு ஓடி வந்தது. வேடிக்கை காட்டுகிறான் என்று கூட்டம் கைதட்டியது. மாற்றை எடுத்தான். அதுவும் வந்தது, வீட்டு நாய் மாதிரி. மூன்றாவதை வீசிவிட்டு, என்ன கோளாறு என்று கொஞ்சம் குனிந்து பார்த்தான். சுற்றுகிற யோயோவை யாரும் குனிந்து பார்க்க மாட்டார்கள். அலுமினியம், அறுபத்தைந்து கிராம். அவன் முன்பல் ஒன்று மேடை விளிம்பு வரை உருண்டு வந்தது. பேரிங்கிலிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. பல் விழுந்தது எனக்கு நன்றாகவே கேட்டது.

கோப்பை சவாவுக்குப் போனது.

"ஏன் தாத்தா இப்படிப் பண்ணீங்க? அவன் உங்கள அப்படி என்ன சொல்லிட்டான்?" என்று குழு அறையில் வைத்துக் கேட்டீர்கள்.

"சத்தம் வேண்டாம்னான், அவ்வளவுதான்" என்றேன்.

இப்போது முழுசாக எழுதுகிறேன். மூன்றிலும் போட்டது நான்தான். என்ன ஆகும் என்று தெரிந்தே போட்டேன். கெட்டி எண்ணெயை நான் போட்டிக்குக் கொண்டுவருவதே கிடையாது, அன்று காலை வீட்டை விட்டுக் கிளம்பும்போதே பையில் இருந்தது. போன வருஷமும் அவன் இதே கொசுப் பேச்சைப் பேசி, இதே கூட்டத்தைச் சிரிக்கவைத்தான் என்பது வேறு விஷயம்.

ஆனால் பகை என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். அந்தப் பல் என்னிடம்தான் இருக்கிறது. இரண்டு முறை பெட்ரோலில் குலுக்கி, காயவைத்து, பேரிங் டப்பாவில் பஞ்சு விரித்து வைத்திருக்கிறேன். தினமும் ஒருதரம் திறந்து பார்க்கிறேன். பகை இருந்தால் இவ்வளவு சுத்தமாகவா வைத்திருப்பேன்?