சந்தனம் பூசிய கேமரா

பூஜை வைப்பதற்கு முன்னால் கம்ப்யூட்டரை அணைத்துவிட வேண்டும். கடைக்கு வருகிறவர்களிடம் ஒவ்வொரு நவராத்திரிக்கும் இதைச் சொல்வேன். நாகேஸ்வரன் சாமி மறந்துவிட்டார். அதனால்தான் சார், நான் இப்போது ஸ்டேஷனில் உங்கள் முன்னால் உட்கார்ந்திருக்கிறேன்.

ஆரியசாலையில் கம்ப்யூட்டர் பழுது பார்க்கிறேன். அப்பா மூட்டை சுமந்தவர். கோட்டைக்குள் அக்கிரகாரத்து வீடுகளில் கொல்லைவாசலில் அரிசியை இறக்கிவிட்டுத் திரும்புவார். நான் நாகேஸ்வரன் சாமி வீட்டில் படுக்கையறை வரை போனேன். சாமியின் மகள் சுப்ரியாவும் அவள் கணவன் மஹேஷும் இருந்த அறை. மூன்று வருடத்துக்கு முன் அங்கே கம்ப்யூட்டர் பொருத்தியபோது, கேமரா காண்பதையெல்லாம் என் கடைக்கு அனுப்பும் புரோகிராம் ஒன்றையும் உள்ளே போட்டேன்.

போன வருடம் ஆடியில் சாமி கூப்பிட்டார். "மாசம் பாதியிலேயே நெட் தீந்துபோறது, நேசமணி. ஆரும் இல்லாதப்பவும் மோடத்துல லைட் மினுங்கறது. என்னன்னு பாரு."

பார்த்தேன். என்னுடையதுதான். வைரஸ் என்று சொல்லி அழித்திருக்கலாம். ஆனால் மஹேஷ் என் தோளுக்குப் பின்னாலேயே நின்றான். "எந்த அட்ரஸுக்குப் போறதுன்னு லிஸ்ட் எடுத்துத் தாங்கோண்ணா. போலீஸ்ல குடுக்கறேன், கேட்டேளா."

சாமியைத் தனியே அழைத்தேன். "உங்க மகளுக்க படம் வெளிய போவுது சாமி. இந்த ரூம்ல கெடக்குத ஆளுதான் செஞ்சிருக்கணும்." அனுப்பும் புரோகிராமை அழித்துவிட்டதாகவும் சொன்னேன். அழிக்கவில்லை, குறைவாக அனுப்பும்படி மாற்றிவைத்தேன்.

"இனி என் மூஞ்சில முழிக்காதேங்கோ" என்று சுப்ரியா அவனிடம் சொன்னதைக் கடையில் இருந்து பார்த்தேன். அவன் தம்பானூரில் ஒரு லாட்ஜில் தங்கினான். பதினோராம் நாள் கதவை உடைத்து, அவனைக் கயிற்றிலிருந்து இறக்கினார்கள்.

இந்த வருடம்தான் மறுபடி பூஜை வைத்தார்கள். புத்தகம், கம்ப்யூட்டர் எல்லாவற்றுக்கும் சுப்ரியா சந்தனம் தொட்டு வைத்தாள், கேமராவின் கண்ணிலும். வைத்த பிறகே கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டிருப்பது தெரிந்திருக்கிறது. பூஜை எடுக்கும்வரை சுவிட்சைக்கூடத் தொடக்கூடாது என்று சாமி தடுத்துவிட்டார்.

விஜயதசமியன்று காலையில் அவள் எனக்கு போன் செய்தாள்.

"ரெண்டு நாளா இதை ஆரும் தொடலை. ஆனா என் போன்ல நெட் கணக்கு பாக்கறேன், ராவும் பகலும் கொஞ்சங்கொஞ்சமா வெளியே போயிண்டே இருந்திருக்கு. அவர் செத்து ஒரு வருஷமாச்சு. அப்போ அனுப்பறது ஆரு, நேசமணியண்ணா?"

பேசிக்கொண்டே சந்தனத்தைத் துடைத்திருக்கிறாள். கேள்வி காதில் விழும்போது அவள் முகம் என் திரையில் இருந்தது.

மஹேஷைக் கொன்றது நான்தான். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.

ஆனால் அவன் போன பிறகும் ஏன் அழிக்கவில்லை என்று கேட்டீர்களே, அதற்கு மட்டும் வேறு அர்த்தம் எழுதிவிடாதீர்கள். புருஷனைப் பறிகொடுத்த பெண், தனியறை. ஏதாவது செய்துகொண்டால்? பார்த்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டும் இல்லையா. பூஜை நாள் இரண்டிலும் திரையில் மஞ்சளைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. அப்போதும் நான் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை, சார்.